புது பிசியில எஸ்எஸ்டி காட்டலயா? கடைக்குத் தூக்கிட்டு ஓடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில நான் இன்னும் பசியாறக்கூட இல்ல, பட்டர்வொர்த்துலேர்ந்து அக்கா மகன் போன் பண்றான். "மாமா, எஸ்எஸ்டி செத்துப்போச்சு, இது ரெண்டாவது." எஸ்எஸ்டின்னா விண்டோஸும் நம்ம ஃபைலும் உக்காந்திருக்கிற டிரைவ். ரெண்டாவதான்னு கேட்டா, ஆமாவாம், முதல்ல வாங்குனது பயாஸ்லயே, அதான் விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங் பக்கம், அதுலயே வரலன்னு பினாங்குத் தீவுல கொம்தார் பக்கம் இருக்கிற கடைக்கு ஃபெரி ஏறி தூக்கிட்டு வந்திருக்கான், கடைக்காரரும் நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்லாம வேற ஒண்ணு மாத்திக் குடுத்துட்டாரு, இப்ப அதுவும் வரலயாம். எனக்கு அப்பவே சந்தேகம் வந்துடுச்சு. புது எஸ்எஸ்டி ஒண்ணு செத்தே பொறக்கலாம், நடக்கும், ஆனா ரெண்டு அடுத்தடுத்து ஒரே மாதிரி செத்துப் பொறக்குதுன்னா தப்பு எஸ்எஸ்டில இல்ல, வேற எங்கயோ இருக்கு. "கைய வெச்சிட்டு சும்மா இரு, எதையும் கழட்டாத, நான் வர்றேன்"னு சொல்லிட்டு மோட்டார எடுத்துட்டுக் கெளம்பிட்டேன், பாலத்துல மோட்டாருக்கு டோல் இல்லாததால இந்த மாதிரி குடும்ப சேவைக்கெல்லாம் வசதியா இருக்கு.

அவன் கேஸ் என்னன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு. "டிரைவ் காட்டல"ன்னு சொல்றாங்களே, எங்க காட்டல? அதக் கேட்டா பாதி பேருக்குப் பதில் வராது. பயாஸ்ல காட்டலன்னா அது ஒரு வியாதி, பயாஸ்ல காட்டுது ஆனா விண்டோஸ் இன்ஸ்டால் பண்ற எடத்துல லிஸ்ட் காலியா இருக்குன்னா அது வேற வியாதி, விண்டோஸ் நல்லா ஓடுது ஆனா ரெண்டாவதா போட்ட டிரைவ் மட்டும் திஸ் பிசில வரலன்னா அது வியாதியே இல்ல. மூணுக்கும் மருந்து வேற வேற. பயாஸ்லயே வராத டிரைவுக்கு விண்டோஸ்ல டிரைவர் மென்பொருள் தேடுறதும், விண்டோஸ்ல ஃபார்மட் பண்ணாத டிரைவுக்காக கேஸத் தொறந்து கேபிள் மாத்துறதும், பல்லு வலிக்கு முட்டில தைலம் தேய்க்கிற கதைதான்.

அதனால பிசிய ஆன் பண்ணி டெலிட் கீய, சில போர்டுல எஃப்2வ, தட்டிக்கிட்டே இருங்க, பயாஸ் தொறக்கும். இங்கதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க, நேரா பூட் லிஸ்டுக்கு, அதான் பிசி எதுலேர்ந்து கெளம்பணும்னு காட்டுற எடத்துக்கு, போய்ப் பாப்பாங்க, அங்க எஸ்எஸ்டி பேரு இருக்காது, உடனே செத்துப்போச்சுன்னு முடிவு. ஐயா, பூட் லிஸ்ட்ல வர்றதுக்கு அதுக்குள்ள பூட் ஆகிற மாதிரி ஏதாவது இருக்கணும், காலி டிரைவ் அங்க வராம போறது சகஜம். நீங்க பாக்க வேண்டியது என்விஎம்இ கான்ஃபிகரேஷன், சாட்டா கான்ஃபிகரேஷன், இல்ல ஸ்டோரேஜ்னு ஒரு பக்கம் இருக்கும், போர்டுக்கு போர்டு பேரு மாறும், அட்வான்ஸ்டு மோடுக்குள்ள போனா கெடைக்கும். சாட்டாவும் என்விஎம்இயும் டிரைவ் போர்டோட பேசுற ரெண்டு முறை, பழசு சாட்டா, வேகமானது என்விஎம்இ. அங்க உங்க டிரைவோட மாடல் நம்பரும் சைஸும் தெரிஞ்சா டிரைவ் உயிரோட இருக்கு, ஸ்லாட்டும் சரி, கேபிளும் சரி, பிரச்சனை மென்பொருள் பக்கம், அப்ப இந்தக் கட்டுரைல பாதிய தாண்டி கீழ போயிடுங்க. அதே மாதிரி மதர்போர்டு ஓரத்துல பூட்னு எழுதி ஒரு சின்ன லைட்டு எரியும், அதப் பாத்துட்டு போர்டு போச்சுன்னு பயப்படாதீங்க, விண்டோஸ் இன்னும் போடல, பூட் பண்ண ஒண்ணுமில்ல, அத சொல்றதுக்குத்தான் அது எரியுது.

சரி, பயாஸ்லயே இல்லன்னு வெச்சிக்கோங்க. கேஸத் தொறக்கணும். சுவர் சுவிட்ச அடைங்க, பவர் சப்ளை பின்னால இருக்கிற சுவிட்சையும் அடைங்க, அப்புறம் பிசியோட பவர் பட்டன ஒரு அஞ்சு பத்து செகண்டு அழுத்திப் பிடிங்க, உள்ள மிச்சம் இருக்கிற கரண்டு எறங்கிடும். கேஸோட பெயிண்டு இல்லாத இரும்புல ஒரு தடவை கைய வைங்க. நம்ம ஊரு ஈரக் காத்துல ஸ்டாட்டிக் அவ்வளவா வராது, ஆனா ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடுற ரூம்ல காத்து காஞ்சு கெடக்கும், ஒரு செகண்டு வேலைதானே, செஞ்சுட்டுப் போங்களேன்.

எம்.2 எஸ்எஸ்டியா, அதான் சூயிங்கம் பட்டை மாதிரி போர்டுலயே படுக்குற ரகமா, இருந்தா முதல் வேலை, கழட்டி மறுபடி சொருகுறது. ஸ்க்ரூவ எடுத்த உடனே அது தானா ஒரு 30 டிகிரிக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கணும், அப்படி நின்னா ஸ்லாட் ஸ்பிரிங் நல்லா இருக்குன்னு அர்த்தம். வெளிய இழுத்து, அதே சாய்வுலயே உள்ள தள்ளுங்க, நேரா படுக்க வெச்சு தள்ளாதீங்க. கடைசியில ஒரு சின்ன "டொக்" மாதிரி கைக்குத் தெரியும், தங்கக் கலர்ல இருக்கிற பல்லு கிட்டத்தட்ட முழுசா உள்ள போயிடும், ஒரு கோடு மாதிரி லேசா மிச்சம் தெரிஞ்சா சரி, ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் பளபளன்னு வெளிய தெரிஞ்சா இன்னும் போகல. அப்புறம் படுக்க வெச்சு ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூவுக்கு அடியில ஒரு குட்டி பித்தளைத் தூண் இருக்கணும், ஸ்டாண்டாஃப்னு சொல்வாங்க, அது எஸ்எஸ்டி நீளத்துக்கு ஏத்த ஓட்டைல இருக்கணும். நம்ம ஊருல அதிகமா விக்கிறது 2280, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், சின்னது 2230, 2242, பெருசு 22110. நான் ஒரு தடவை ஒருத்தர் பிசியத் தொறந்து பாத்தேன், ஸ்டாண்டாஃப் டப்பாக்குள்ளயே கெடக்கு, மனுஷன் ஸ்க்ரூவ நேரா போர்டுல முறுக்கிட்டாரு, எஸ்எஸ்டி வில்லு மாதிரி வளைஞ்சு முன் பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, அது எப்படி காட்டும்?

ஹீட்சிங்க், அதான் சூட்ட இழுக்குற உலோக மூடி, இருக்கிற போர்டுன்னா அதையும் கழட்டிட்டு ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க, சில நேரம் அதோட அழுத்தமே எஸ்எஸ்டிய வளைச்சிடும். தெர்மல் பேட் மேல ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் இருக்கும், நீலமாவோ கண்ணாடி மாதிரியோ, அத உரிச்சீங்களா? உரிக்காததால டிரைவ் காட்டாம போகாது, ஆனா சூடாகும். எஸ்எஸ்டி மேல ஒட்டியிருக்கிற லேபிள மட்டும் ஹீட்சிங்க் போடுறேன்னு உரிச்சிடாதீங்க, பாதி கம்பெனி அதுலயே எழுதியிருப்பான், இதக் கிழிச்சா வாரண்டி கெடையாதுன்னு. பை த வே அந்த லேபிள நல்லா படிச்சுப் பாருங்க, மேட் இன் மலேசியான்னு போட்டிருந்தா அது பெரும்பாலும் நம்ம பினாங்கு பத்து காவான் பக்கத்துலேர்ந்து வந்ததாவே இருக்கும், மைக்ரான், சான்டிஸ்க் ரெண்டுக்கும் அங்க ஃபேக்டரி இருக்கு. நம்ம வீட்டுக்கு எதிர்ல செஞ்ச சாமான் ஊரு சுத்தி கடைக்கு வந்து, அத நாம வாங்கி, காட்டலன்னு நாமே திட்டிக்கிட்டிருக்கோம்.

அடுத்தது, இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயம். எம்.2ன்றது வெறும் வடிவம், அவ்வளவுதான். அதுக்குள்ள ரெண்டு ஜாதி இருக்கு, ஒண்ணு சாட்டா, இன்னொண்ணு என்விஎம்இ. ஸ்லாட்டும் அதே மாதிரி, சிலது ரெண்டையும் ஏத்துக்கும், சிலது என்விஎம்இ மட்டும், அபூர்வமா பழைய போர்டுல சாட்டா மட்டும். என்விஎம்இ மட்டும் எடுக்கிற ஸ்லாட்டுல சாட்டா எம்.2வ சொருகுனா அழகா உள்ள போகும், ஸ்க்ரூ போடலாம், எல்லாம் சரியா இருக்கும், பயாஸ்ல மட்டும் வராது. எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, பல்லு வரிசைல வெட்டு ரெண்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒண்ணே ஒண்ணு இருந்தா பெரும்பாலும் என்விஎம்இ, ஆனா இத மட்டும் நம்பாதீங்க, விதிவிலக்கு இருக்கு, டப்பால ஸ்பீடு பாருங்க, செகண்டுக்கு 500, 550 எம்பின்னு போட்டிருந்தா சாட்டா, 2000, 3500, 7000ன்னு போட்டிருந்தா என்விஎம்இ. பழைய லேப்டாப்புலேர்ந்து கழட்டுன எம்.2வ புது பிசில போடுறவங்க இதுல நெறைய மாட்டுவாங்க. ஜென்ன்றது வேகத் தலைமுறை, ஜென் 4 டிரைவ ஜென் 3 ஸ்லாட்டுல போட்டா காட்டாதான்னு கேக்குறாங்க, காட்டும், ஸ்பீடு மட்டும் கொறையும்.

இப்ப அக்கா மகன் கேஸுக்கு வர்றேன். நான் போனப்ப பயல் மேசைய முழுக்க பரப்பி வெச்சிருந்தான், அக்கா ஒரு பக்கம் "இதுக்கு ஒரு லேப்டாப்பே வாங்கியிருக்கலாம்"னு பொலம்பிக்கிட்டிருக்கு. போர்டு புதுசு, இன்டெல் சிபியுவுக்கான பி560 ரகம். சிபியு செகண்ட் ஹேண்டு, இன்டெல் 10ஆவது தலைமுறை ஐ5-10400எஃப், கூட வேலை செய்யிறவர் ஒருத்தர் குடுத்தது. எஸ்எஸ்டி என்விஎம்இ, மேல இருக்கிற முதல் ஸ்லாட்ல, ஹீட்சிங்க் போட்ட ஸ்லாட்டு, அழகா சொருகியிருக்கான், ஒரு குத்தமும் இல்ல. நான் கழட்டி மறுபடி போட்டுப் பாத்தேன், வரல. அப்புறம் "மேனுவல் எங்கடா"ன்னு கேட்டேன். டப்பாவோட கட்டிலுக்கு அடியிலேர்ந்து பிளாஸ்டிக் கூட உரிக்காம எடுத்துட்டு வர்றான்.

விஷயம் என்னன்னா, இன்டெல் 10ஆவது தலைமுறை டெஸ்க்டாப் சிபியுலேர்ந்து நேரா வெளிய வர்ற பிசிஐஇ லேன், அதாவது டேட்டா போற பாதை, 16தான், அந்த 16ம் கிராஃபிக்ஸ் கார்டுக்கு. 11ஆவது தலைமுறைல அது 20 ஆச்சு, கூடுன 4 லேன் எதுக்குன்னா நேரா ஒரு எம்.2 ஸ்லாட்டுக்கு. பி560, இசட்590 மாதிரி போர்டு ரெண்டு தலைமுறை சிபியுவையும் ஏத்துக்கும், ஆனா மேல இருக்கிற அந்த முதல் ஸ்லாட்ட சிபியு லேனோட கட்டியிருப்பாங்க. 11ஆவது தலைமுறை போட்டா ஸ்லாட்டு வேலை செய்யும், 10ஆவது போட்டா அந்த ஸ்லாட்டு வெறும் அலங்காரம், அந்தப் பக்கம் கம்பியே இல்ல. மேனுவல்ல அந்த ஸ்லாட்டு பேருக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரே ஒரு வரி, 11ஆவது தலைமுறை சிபியுல மட்டும்தான் இது வேலை செய்யும்னு. நான் விரல வெச்சு காட்டுனேன், பயல் ரெண்டு தடவை படிச்சுட்டு "அப்ப மொத எஸ்எஸ்டி நல்லாதான் இருந்திருக்கும் மாமா"ன்னான். ஆமாடா ராசா. கீழ இருக்கிற ரெண்டாவது ஸ்லாட்ல மாத்தி சொருகுனோம், அது சிபியுவோட இல்ல, போர்டுல இருக்கிற சிப்செட்ன்ற துணைச் சிப்போட கட்டுனது, ஆன் பண்ண உடனே பயாஸ்ல பேரு வந்துடுச்சு. எல்லாம் சேத்து கால் மணி நேரம்கூட ஆகல, நான் வந்த தூரம்தான் ஜாஸ்தி.

ஏஎம்டிலயும் இதே மாதிரி உண்டு, ரைசன் 5 8500ஜி மாதிரி சின்ன சிபியுல லேன் கம்மி, அத போட்டா சில போர்டுல ஒரு எம்.2 ஸ்லாட்டு அணைஞ்சிடும். அதனால முதல்ல செய்ய வேண்டியது, செலவே இல்லாதது, எஸ்எஸ்டிய வேற ஸ்லாட்ல மாத்திப் பாக்குறது. அப்புறம் மேனுவல்ல எம்.2 பக்கத்த மட்டும் ஒரு தடவை படிக்கிறது. முழு மேனுவலும் வேணாம், அத யாரும் படிக்க மாட்டாங்க, அந்த ஒரு பக்கம் போதும்.

அதே பக்கத்துலதான் இன்னொரு கண்ணிவெடியும் இருக்கும். எம்.2வும் சாட்டா போர்ட்டும் லேன பங்கு போட்டுக்கிறது. ஹார்ட் டிஸ்க் நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு, புதுசா ஒரு எம்.2 போட்டேன், ஹார்ட் டிஸ்க் காணாம போச்சுன்னு யாராவது சொன்னா, பத்துக்கு எட்டு தடவை இதுதான்னு நான் கண்ண மூடிட்டு சொல்லிடுவேன். குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்ல டிரைவ் இருந்தா சாட்டா 5, 6 வேலை செய்யாது, இல்ல சாட்டா டைப் எம்.2 போட்டா மட்டும் ஒரு போர்ட் அணையும், இப்படி ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு கணக்கு, மேனுவல்ல கட்டம் போட்டுக் காட்டியிருப்பாங்க. மருந்து, ஹார்ட் டிஸ்க் கேபிள வேற போர்ட்டுக்கு மாத்துங்க, அவ்வளவுதான்.

சாட்டா டிரைவுன்னா, ரெண்டு கேபிள் வேணும், டேட்டா ஒண்ணு, பவர் ஒண்ணு. சிரிக்காதீங்க, பவர் கேபிள் சொருகாமலே அரை நாள் உக்காந்திருந்த ஆள எனக்குத் தெரியும். டேட்டா கேபிள் லொடலொடன்னு இருந்தா மாத்துங்க, புது கேபிள் காசு பெரிய காசில்ல, போர்ட்டும் ஒண்ணு மாத்திப் பாருங்க. கேஸோட பின் கதவ மூடும்போது உள்ள திணிச்சு வெச்ச கேபிள் எல்லாம் அழுத்தி, டிரைவ் பக்கம் இருக்கிற முனைய லேசா தூக்கிவிட்டுடும், கதவத் தொறந்து வெச்சா காட்டுது, மூடுனா காட்டலன்னா அதுதான் காரணம், எல் வடிவத்துல மடங்குன கேபிள் வாங்கிப் போட்டா தொல்லை விட்டுச்சு.

ஹார்ட் டிஸ்க்குன்னா கைய மேல வெச்சுப் பாருங்க. ஆன் பண்ண உடனே லேசா அதிரணும், ரீங்காரம் கேக்கணும். ஒரு அசைவும் இல்லன்னா பவர் வரல. டிக் டிக் டிக்னு திரும்பத் திரும்ப அடிச்சா, வம்பு பண்ணாதீங்க, வாரண்டிக்கு எடுத்துட்டுப் போங்க, அதுவும் உள்ள டேட்டா இருக்கிற பழைய டிஸ்க்குன்னா ஒடனே ஆஃப் பண்ணிடுங்க. இன்னொரு விசித்திரமான கேஸ் இருக்கு, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்க ஒடைச்சு உள்ள இருக்கிறத எடுத்து பிசில போடுறது, இல்ல சர்வர்ல இருந்த டிஸ்க்க மலிவா வாங்கிப் போடுறது. சிலதுல சாட்டா பவர் கனெக்டரோட மூணாவது பின்னுல 3.3 வோல்ட் வந்தா டிஸ்க் தூங்கிடும், அப்படித்தான் டிசைன், சர்வர்ல தூரத்துலேர்ந்து ரீசெட் பண்றதுக்காக வெச்சது. நம்ம சாதா பவர் சப்ளை அந்த பின்னுக்கு 3.3 வோல்ட்ட எப்பவும் அனுப்பிக்கிட்டே இருக்கும், டிஸ்க்கு எப்பவும் தூங்கிக்கிட்டே இருக்கும். மூணாவது பின்னு மேல கரண்டு கடத்தாத கேப்டான் டேப்ப ஒரு துண்டு ஒட்டுனா முழிச்சிக்கும்.

இங்க ஒரு எச்சரிக்கை, என் காசு போய்க் கத்துக்கிட்டது. கேபிள் கழட்டி மாட்டுற மாடுலர் பவர் சப்ளை இருக்கே, அதோட கேபிள் வேற பவர் சப்ளைக்கு ஒத்து வரும்னு நெனைக்கவே நெனைக்காதீங்க. முனை ஒரே மாதிரி இருக்கும், சொருகுனா போகும், ஆனா உள்ள எந்த பின்னுல எந்த வோல்ட்டுன்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஒரே கம்பெனிக்குள்ளயே மாடலுக்கு மாடல் மாறும். பல வருஷத்துக்கு முன்னாடி நான் பவர் சப்ளை மட்டும் மாத்துனேன், சாட்டா கேபிள் ஏற்கனவே பின்னால அழகா இழுத்து கட்டியிருக்கே, அத ஏன் கழட்டணும்னு சோம்பேறித்தனம், பழைய கேபிளயே புதுசுல சொருகிட்டேன். சுவிட்ச போட்டேன், பட்டுன்னு ஒரு சத்தம், கருகுன வாசம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் போச்சு, அதுல தங்கச்சி கல்யாண போட்டோ இருந்துச்சு. நல்ல வேளை மச்சான் போன்ல ஒரு காப்பி வெச்சிருந்தாரு, இல்லன்னா இன்னிக்கு வரைக்கும் தீபாவளிக்கு தீபாவளி எனக்கு அர்ச்சனைதான். அதனால பவர் சப்ளை மாத்துனா அதோட டப்பால வந்த கேபிள்தான். மொலெக்ஸ்ன்ற பழைய நாலு பின் பவர் முனைலேர்ந்து சாட்டாவுக்கு மாத்துற மலிவு கன்வர்ட்டர், அதுவும் முனை முழுக்க பிளாஸ்டிக் ஊத்தி வார்த்த மாதிரி இருக்கிறது, அதையும் வேணாம்னு சொல்லுவேன், உள்ள ஷார்ட் ஆகி தீப்புடிக்கிற ரகம்.

சரி, சொருகுனது எல்லாம் சரி, ஸ்லாட்டும் சரி, இன்னும் பயாஸ்ல வரலன்னா, பயாஸ ஒரு தடவை டிஃபால்ட்டுக்குத் திருப்புங்க. சீமாஸ் கிளியர்னு அதுக்குப் பேரு, போர்டுல ரெண்டு பின்ன ஷார்ட் பண்ணலாம், இல்ல கரண்ட அடைச்சிட்டு அந்த வட்ட பேட்டரி, சிஆர்2032, அத கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடலாம். அப்புறமும் வரலன்னா பயாஸ் அப்டேட். போர்டு பழைய ஸ்டாக்கா இருந்து டிரைவோ சிபியுவோ புதுசா இருந்தா இது நெசமாவே வேலை செய்யும். ஃபைல போர்டு கம்பெனியோட சொந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்து, எஃப்ஏடி32ல ஃபார்மட் பண்ண பென் டிரைவ்ல போட்டு, பயாஸுக்குள்ளேர்ந்தே அப்டேட் பண்ணுங்க. சாயங்காலம் இடி மழை கட்டி நிக்கிற நேரத்துல மட்டும் ஆரம்பிக்காதீங்க, பாதில கரண்டு போச்சுன்னா எஸ்எஸ்டிக்காக ஆரம்பிச்ச வேலை போர்டுக்குக் காரியம் பண்றதுல முடியும். காலையில பண்ணுங்க, வெயில் அடிக்கும்போது.

இப்ப ரெண்டாவது வியாதி. பயாஸ்ல மாடல் நம்பர் ஜம்முனு தெரியுது, விண்டோஸ் பென் டிரைவ் போட்டு இன்ஸ்டால் பண்ணப் போனா, எந்த டிரைவ்ல போடணும்னு கேக்குற எடத்துல லிஸ்ட் காலி, லோட் டிரைவர்னு மட்டும் ஒரு பட்டன். இன்டெல் 11ஆவது தலைமுறைலேர்ந்து வந்த மெஷினா இருந்தா, குறிப்பா லேப்டாப், மொத சந்தேகம் விஎம்டி. டிரைவ நேரா விண்டோஸ் கிட்ட காட்டாம நடுவுல ஒரு ஆள் நின்னுக்கிட்டு "எங்கிட்ட பேசு"ன்னு சொல்ற ஏற்பாடு அது, அந்த ஆளோட பேசுற டிரைவர் விண்டோஸ் பென் டிரைவ்ல இருக்காது. ரெண்டு வழி. ஒண்ணு, பயாஸ்ல விஎம்டி கன்ட்ரோலர்னு தேடி அணைச்சிடுங்க, வீட்டுல ஒரே ஒரு எஸ்எஸ்டி வெச்சிருக்கிறவங்களுக்கு விஎம்டி ஒரு பிரயோஜனமும் இல்ல, என் ஓட்டு இதுக்குத்தான். ரெண்டு, அந்த ஆளோட பேசுற இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர எறக்கி, ஜிப்ப பிரிச்சு, ஐஎன்எஃப் ஃபைல் இருக்கிற ஃபோல்டர பென் டிரைவ்ல போட்டு, லோட் டிரைவர் அமுக்கி அந்த ஃபோல்டர காட்டுங்க, லிஸ்ட்ல டிரைவ் வந்துடும். செட்டப் ஃபைல பிரிக்காம அப்படியே போட்டுட்டு வரலன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கோங்க, விஎம்டி ஆன்ல இருக்கும்போது விண்டோஸ் போட்டுட்டு, அப்புறம் ஒரு நாள் போய் அத அணைச்சா விண்டோஸ் நீல ஸ்க்ரீனோட விழும். முடிவு இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க.

ஏஎம்டி போர்டுல இதே வேலைய ரெய்டு மோடு, அதான் பல டிரைவ ஒண்ணா சேக்குற ஏற்பாடு, பண்ணும். சாட்டா மோடு ஏஹெச்சிஐன்ற சாதா மோடுல இருக்கணும், என்விஎம்இ ரெய்டுன்னு ஏதாவது ஆன்ல இருந்தா அணைங்க. ஒரே டிரைவ வெச்சிக்கிட்டு ரெய்டு எதுக்கு, கல்யாணம் ஆகாதவன் சம்பந்தி தேடுற மாதிரி.

டிரைவ் லிஸ்ட்ல வருது, ஆனா இதுல விண்டோஸ் போட முடியாது, எம்பிஆர் டேபிள் இருக்குன்னு அடம் பிடிக்குதா? அது ஏற்கனவே எங்கயோ பயன்படுத்துன டிரைவ். எம்பிஆரும் ஜிபிடியும் டிரைவ எப்படி பிரிச்சிருக்குன்னு எழுதி வெக்கிற ரெண்டு முறை, எம்பிஆர் பழசு. யுஇஎஃப்ஐ, அதான் புது பயாஸ், முறைல பூட் ஆகணும்னா ஜிபிடி வேணும். உள்ள இருக்கிற டேட்டா வேணாம்னு உறுதியா தெரிஞ்சா மட்டும், அந்த ஸ்க்ரீன்லயே ஷிஃப்டும் எஃப்10ம் சேத்து அமுக்குங்க, கறுப்பு விண்டோ ஒண்ணு வரும், டிஸ்க்பார்ட்னு அடிச்சு என்டர், லிஸ்ட் டிஸ்க், அப்புறம் சைஸ பாத்து உங்க டிரைவோட நம்பரப் போட்டு செலக்ட் டிஸ்க், கிளீன், கன்வர்ட் ஜிபிடி. எல்லாம் இங்கிலீஷ்லதான் அடிக்கணும், நான் படிக்கிறதுக்காக தமிழ்ல எழுதியிருக்கேன். கிளீன் அமுக்குறதுக்கு முன்னாடி நம்பர மூணு தடவை பாருங்க, அது "நெசமாவா"ன்னெல்லாம் கேக்காது, அடிச்ச உடனே தொடச்சிடும். இதுக்காகவே நான் எப்பவும் விண்டோஸ் போடும்போது மத்த டிரைவ் எல்லாத்தையும் கழட்டி வெச்சிடுவேன். தப்பா தொடைக்கிற பயம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் விண்டோஸுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு, பூட் பார்ட்டிஷன கேக்காமலே பக்கத்து டிரைவ்ல கொண்டு போய் வெச்சிடும், ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் பழைய டிரைவ கழட்டுனா பிசியே எந்திரிக்காது.

மூணாவது கதை சின்னது. விண்டோஸ் ஓடுது, புதுசா போட்ட ரெண்டாவது டிரைவ் மட்டும் திஸ் பிசில இல்ல. ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். தொறந்த உடனே இனிஷியலைஸ் பண்ணவான்னு அதுவே கேக்கும், ஜிபிடிய தேர்ந்தெடுங்க, எம்பிஆர்ல 2 டிபிக்கு மேல பயன்படுத்த முடியாது. அப்புறம் கறுப்புப் பட்டையா தெரியிற எடத்துல ரைட் கிளிக் பண்ணி நியூ சிம்பிள் வால்யூம், நெக்ஸ்ட் நெக்ஸ்ட், முடிஞ்சது. சில நேரம் பார்ட்டிஷன் எல்லாம் இருக்கும், எழுத்து மட்டும் இருக்காது, டி டிரைவ், ஈ டிரைவ்னு ஒரு எழுத்தக் குடுத்தா போதும்.

இவ்வளவும் பண்ணியும் பயாஸ்ல வரலன்னா கடைசியா ஒரு சோதனை, டிரைவ வேற பிசில போடுங்க, இல்ல யுஎஸ்பி என்க்ளோஷர் ஒண்ணுல போட்டு லேப்டாப்ல சொருகுங்க. என்க்ளோஷர் வாங்கும்போதும் சாட்டாவா என்விஎம்இயான்னு பாத்து வாங்குங்க, இல்லன்னா அதுலயும் வராது, மறுபடி மொதல்லேர்ந்து அழ வேண்டியதுதான். வேற எடத்துல வந்துச்சுன்னா உங்க போர்டோ சிபியு சாக்கெட்டோ கவனிக்கணும், சிபியு சாக்கெட்டுல ஒரு பின்னு வளைஞ்சாலும் எம்.2 போயிடலாம். வேற எடத்துலயும் வரலன்னா, இப்ப போங்க கடைக்கு, ரசீது, டப்பா, எல்லாத்தையும் எடுத்துட்டு. கேஎல்ல லோ யாட்டா இருந்தாலும் இங்க கொம்தாரா இருந்தாலும், "காட்டல பாஸ்"னு மட்டும் சொன்னா கவுண்டர்ல அரை மணி நேரம் உங்களத்தான் சந்தேகமா பாப்பாங்க. "பயாஸ்லயே இல்ல, ரெண்டு ஸ்லாட்ல போட்டுப் பாத்தேன், வேற மெஷின்லயும் போட்டுப் பாத்தேன், இதோ போட்டோ"ன்னு சொல்லிப் பாருங்க, பேச்சே மாறிடும்.

அக்கா மகன் பிசி அன்னிக்கு மத்தியானமே விண்டோஸ் போட்டு ஓடிடுச்சு. அக்கா மீன் கறி வெச்சிருந்துச்சு, ரெண்டு கவளம் வாய்க்குப் போகல, ரூம்லேர்ந்து மறுபடி சத்தம், "மாமா, 1 டிபின்னு காசு குடுத்தேன், 931 ஜிபிதான் காட்டுது, கடைக்காரன் ஏமாத்திட்டான்!" டேய், டப்பா எழுதுறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1024 1024ஆ எண்ணுது, ஒரே டிரைவுதான், எண்ணுறதுதான் வேற, வந்து சாப்புடுன்னேன்.